ஆடாதீங்க அக்காவின் மேற்குச் சுவர்

ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவளுக்கு வேறு என்ன பட்டப்பெயர் கிடைக்கும்? "மூச்சை நல்லா இழுங்க, அடக்குங்க, ஆடாதீங்க." காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மதியம் இரண்டு வரைக்கும் இதே பாட்டுதான். கை ஒடிந்தவர், நாணயம் விழுங்கிய குழந்தை, படியில் உருண்டு விழுந்தும் அதிகாரம் குறையாத பெரிய மனிதர், யாராக இருந்தாலும் ஒரே அதட்டல். நர்சுகள் 'ஆடாதீங்க அக்கா' என்று பெயர் வைத்தார்கள். நோயாளிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் காய்கறிக் கடைக்காரர் வரைக்கும் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

வருத்தமெல்லாம் ஆணி விஷயத்தில்தான். கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வாடகை வீடு. பதினோரு வீட்டுக்காரர்களும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதற்கு முன்னால் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுடாதீங்கம்மா." கல்யாணப் படம் பீரோவின் மேல் சாய்ந்து நின்றது. கடிகாரம் அலமாரிக்குள் படுத்துக்கொண்டு நேரம் காட்டியது. கணவர் இறந்த பிறகு அவர் படத்தையும் ஒரு நாற்காலியில்தான் உட்கார வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் தெரியாமல் அந்த நாற்காலியை இழுக்கப் போவார்கள், அவள் ஓடிப்போய்த் தடுப்பாள். அப்படித் தடுக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா போன பிறகு பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் இரண்டே பேர், அக்காவும் ஒரு தம்பியும். வயல் தம்பிக்கு, பண்ணை வீடு அக்காவுக்கு. அதை வீடு என்று பத்திரத்தில் மட்டும்தான் சொல்லலாம். ஆறு வருஷமாக ஆள் குடியில்லாத கட்டடம். கட்டி எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டால் அப்பாவே, "எங்க அப்பாவுக்கே தெரியாது" என்றுதான் சொல்வார். கல்லும் மண்ணும் வைத்து எழுப்பிய ஒரு முழ அகலச் சுவர்கள். குனிந்தால்தான் தலை தப்புகிற வாசல்கள். கூரையில் பாதி இடத்தில் ஓட்டுக்குப் பதிலாக வானம். சமையலறையில் முளைத்த ஒரு மரம் ஜன்னல் வழியாக வெளியே போய்க் கிளை விட்டிருந்தது. "வீடு நீயே வச்சுக்கக்கா, எனக்கு வேண்டாம்" என்று தம்பி ரொம்பத் தாராளமாகச் சொன்னான். சொந்தக்காரர்கள் அவன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாள். அவள் எண்ணிப் பார்த்ததில் அந்த வீட்டில் பதினாறு சுவர் இருந்தது.

ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு பெட்டி, கணவர் படம் உட்கார்ந்த அந்த நாற்காலி, இவற்றோடு போய் இறங்கிவிட்டாள். வெளியூரில் இருக்கும் மகள் போனில் குதித்தாள்.

"உனக்கென்னம்மா பைத்தியமா? இங்க வந்து எங்ககூட இரு. லிஃப்ட் இருக்கு, வாட்ச்மேன் இருக்கு."

"உங்க வீட்டுல ஆணி அடிக்கலாமா?"

"வாடகை வீடும்மா."

"அப்ப போனை வை."

அன்றைக்கு எந்த அறை ஒழுகவில்லையோ அந்த அறைதான் படுக்கையறை. இப்படியாகக் கட்டில் முதல் வருஷம் மட்டும் ஒன்பது தடவை வீட்டைச் சுற்றி வந்தது. துணைக்கு ஒரு கொத்தனாரைப் பிடித்தாள். நல்ல வேலைக்காரர், ஆனால் எதைக் கேட்டாலும் ஒரே பதில். "கதவு மூடலையே?" "ஆயிடும்க்கா." "ஓடு சரியுதே?" "ஆயிடும்க்கா." அக்கா அவருக்கு 'ஆயிடும்' என்றே பெயர் வைத்துவிட்டாள். பட்டப்பெயர் வாங்கினவளுக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததில் ஒரு திருப்தி.

அந்த வருஷம்தான் இருவரும் சேர்ந்து அந்தத் தப்பைச் செய்தார்கள். வீட்டின் பெரிய அறை கூடம். அதன் மேற்குச் சுவர்தான் வீட்டின் முதுகெலும்பு. கூரையைத் தாங்குகிற பெரிய உத்திரம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்து தினமும் கட்டிலில் விழுந்தது. முப்பத்தொரு வருஷம் மழமழவென்று துடைத்த சுவர்களுக்கு நடுவில் வேலை செய்தவளுக்கு அந்தப் பொடியைக் கண்டாலே ஆகவில்லை.

"எங்க எக்ஸ்ரே ரூம் சுவர் மாதிரி வேணும். கை வச்சா வழுக்கணும்" என்றாள்.

ஆயிடும் மார்பைத் தட்டினார். "சிமெண்டுல தடிமனா ஒரு பூச்சுப் பூசிடறேன்க்கா. நூறு வருஷத்துக்குக் கேரண்டி."

பூசி முடித்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்கா போகும்போதும் வரும்போதும் அதைத் தடவிக்கொண்டே போனாள். ஒரு மாதம் காயவிட்டு, நல்ல நீளமான ஆணியாக ஒன்று வாங்கி வந்து, முதல் ஆணியை இதில்தான் அடிப்பது என்று சுத்தியலைத் தூக்கினாள். நங்கென்று கேட்க வேண்டிய இடத்தில் டொப்பென்று கேட்டது. இரண்டாவது அடியில் ஆணி வளைந்தது, ஒரு சில்லு சிமெண்டு பெயர்ந்து காலடியில் விழுந்தது. கைராசி இல்லை என்று நினைத்து ஆணியை டப்பாவில் போட்டுவிட்டாள். அந்த டொப் சத்தத்தைக் காதில் வாங்கியும் வாங்காமல் விட்டது அவளுடைய இரண்டாவது தப்பு.

அடுத்த மூன்று வருஷத்தில் வீடு மெல்ல மெல்ல வீடானது. சமையலறை மரத்தை வெட்ட மனசு வராமல் ஜன்னலை ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். கூரையில் நல்ல ஓடுகளையெல்லாம் மேற்குப் பக்கம் சேர்த்து, கிழக்குப் பக்கத்துக்குப் பழைய கட்டடங்கள் இடிக்கிற இடமாகத் தேடிப்போய் அதே அளவு ஓடு வாங்கி வந்தாள். பின்கட்டில் குழி தோண்டிச் சுண்ணாம்பு ஊறப்போட்டு, அது தயிர் மாதிரி ஆகும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கப் பழகினாள். மற்ற அறைகளுக்கெல்லாம் அந்தச் சுண்ணாம்புதான். ஆனால் ஒரு சுவரிலும் ஆணி அடிக்கவில்லை. முதல் ஆணி கூடத்து மேற்குச் சுவரில்தான் என்று ஒரு பிடிவாதம், அந்தச் சுவரோ வருஷத்துக்கு வருஷம் மோசமாகிக்கொண்டே வந்தது. மழை பெய்தால் வியர்த்தது. வெயில் அடித்தால் உப்புப் பூத்தது. நாலாவது வருஷம் சுவரின் நடுப்பகுதி லேசாக உப்பி, மேலிருந்து கீழே கோணல்மாணலாக ஒரு விரிசல் இறங்கியது.

இதற்கிடையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலில் தம்பி பெரிய குடோன் ஒன்று கட்டிவிட்டான். தானியம் சேமிக்கிற குடோன். லாரிகள் மெயின் ரோட்டிலிருந்து அரை மைல் சுற்றி, சேற்றில் சிக்கி, திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தன. நேராக வர ஒரே ஒரு தடைதான். அது அக்காவின் வீடு. தம்பி சாயங்காலம் தோறும் டீ குடிக்க வந்து, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மேற்குச் சுவரையே பார்ப்பான். "பயமா இருக்குக்கா" என்பான்.

ஐந்தாவது வருஷம் மழைக்கு முன்னால் ஒரு நாள் உள்ளாட்சி அலுவலகத்து இன்ஜினீயர் வந்து இறங்கினார். கையில் ஒரு நோட்டீஸ். அபாயகரமான கட்டடம் என்று புகார் வந்திருக்கிறதாம். அக்கா நோட்டீஸைப் புரட்டினாள். பின்னால் புகாரின் நகல் இருந்தது. அடியில் ஒரு கையெழுத்து, கடைசி எழுத்திலிருந்து பேப்பரின் ஓரம் வரைக்கும் இழுத்துவிட்ட ஒரு வாலோடு. அந்த வாலை அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

இன்ஜினீயர் கெட்டவரில்லை, அவசரக்காரர். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நாலு தடவை அடித்தது. விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் கண்ணாடித் துண்டு ஒட்டிவைப்பது அவர்கள் வழக்கம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், நகராவிட்டால் அப்படியே இருக்கும். கொண்டுவந்த கண்ணாடி காரிலேயே நொறுங்கிப் போயிருந்ததால் அவர் கையைப் பிசைந்தார். அக்கா பெட்டியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். ரத்தம் பரிசோதிக்கும் ஸ்லைடு கண்ணாடிகள். ஓய்வு பெற்ற அன்று லேப் தோழி, "வீட்டுல போர் அடிச்சா கொசுவைப் பிடிச்சு வச்சுப் பாரு" என்று பரிசாகக் கொடுத்தது.

"நல்லதாப் போச்சு" என்று அவர் மூன்றை எடுத்து, விரிசலின் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று சிமெண்டுப் பூச்சின் மேல் ஒட்டி, நம்பரும் தேதியும் எழுதினார். "ஆறு மாசம்மா. ஒண்ணு உடைஞ்சாலும் சுவர் நகருதுன்னு அர்த்தம். இந்தச் சுவர் போனா உத்திரம் போச்சு, வீடே போச்சு. இடிக்கச் சொல்லி எழுதிடுவேன். அதுவரைக்கும் சுவத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

"சரி சார். நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா. அவர் போன பிறகு சுவருக்கு எதிரே நின்று, முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில், "ஆடாதே" என்று சொல்லிவைத்தாள்.

அன்று சாயங்காலம் தம்பி வழக்கம்போல் டீக்கு வந்தான். அக்கா கோப்பையோடு புகார் நகலையும் முன்னால் வைத்தாள்.

"உன் வாலு நல்லா நீண்டிருக்குடா."

தம்பிக்கு டீ புரையேறியது. "உன் நல்லதுக்குத்தான்க்கா. நீ தனியா இருக்கற. சுவர் விழுந்து ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"பயந்தது எனக்காகவா, லாரிக்காகவா?"

"ரெண்டுக்கும்தான்" என்றான். அதில் ஒரு பாதி உண்மை இருந்தது என்று அக்காவுக்கும் தெரியும். சின்ன வயதில் மாட்டுக்குப் பயந்து அவள் பின்னால் ஒளிந்து நின்றவன்தான். ஆனாலும் கோபம் கோபம்தான். "டீயைக் குடி. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இந்த வீட்டை யாரும் என் கையிலேர்ந்து பிடுங்க முடியாது. நீயும் முடியாது, உன் லாரியும் முடியாது, அந்த ஆபீசும் முடியாது."

மழை பிடித்துக்கொண்டது. அக்கா தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு டார்ச் எடுத்துக்கொண்டு மூன்று கண்ணாடியையும் பார்ப்பாள். ஒரு நோட்டில் எழுதுவாள். ஒன்று சரி, இரண்டு சரி, மூன்று சரி. ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம். ஐந்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில், நடுக் கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். கணவர் படம் இருந்த நாற்காலி அது, படத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆயிடும் வந்து பார்த்தார். வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டப்பாவுல இன்னும் கண்ணாடி இருக்குல்லக்கா? மாத்தி ஒட்டிடலாம். தேதியை நானே எழுதறேன். ஆயிடும்."

ஒரு நிமிஷம் அக்காவின் கண் பெட்டி பக்கம் போனது. போகவில்லை என்று சொன்னால் பொய். பிறகு தலையை ஆட்டினாள். "எக்ஸ்ரே படத்தை மாத்தினா நோய் போயிடுமா? சுவர் நிஜமாவே நகருதுன்னா நான்தானே அதுக்குக் கீழ படுத்திருக்கேன்?"

அவளே அலுவலகத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். இன்ஜினீயர், "உடைஞ்சா உடைஞ்சதுதாம்மா. திங்கட்கிழமை வந்து எழுதிடறேன்" என்று வைத்துவிட்டார். தம்பிக்கு எப்படித்தான் சேதி போனதோ, மத்தியானமே வந்து நின்றான். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "சாமான் ஏத்த வேன் சொல்லட்டுமாக்கா?" என்றான்.

"உன் குடோனைக் காலி பண்றதுக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி சுவரிடம் போய்விட்டாள்.

பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்தியது. மேல் கண்ணாடி சரியாக இருக்கிறது. கீழ்க் கண்ணாடியும் சரியாக இருக்கிறது. சுவர் பிளந்தால் நடுவில் மட்டும் எப்படிப் பிளக்கும்? விரல் முட்டியால் உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் தட்டினாள். டொப். ஒரு சாண் தள்ளித் தட்டினாள். டொப். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆணி அடித்தபோது கேட்ட அதே சத்தம்.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பின்னல் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். ஒரு பெண்ணுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கும்போது தடித்த பின்னல் தோள் வழியாக முன்னால் விழுந்து கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. படத்தில் நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக ஒரு திட்டு. டாக்டர் காசநோய் என்றார். அந்தப் பெண் பத்து நாளாகத் தன் பிள்ளையைக் கிட்டே சேர்க்காமல் அழுதுகொண்டிருந்தாள். மறுபடி, கூந்தலைத் தூக்கி முடியச் சொல்லி எடுத்தபோது திட்டு காணாமல் போயிற்று. நோயே இல்லை, பின்னலின் நிழல். அன்றிலிருந்து முடியைத் தூக்கிக் கட்டாமல், சட்டையைக் கழற்றாமல் அவள் யாரையும் இயந்திரத்துக்கு முன்னால் நிறுத்தியதில்லை. இந்தச் சுவரை மட்டும் கம்பளிச் சட்டை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறாள். அந்தச் சட்டையின் மேல் கண்ணாடியை ஒட்டிவிட்டு, சட்டை கிழிந்ததற்கு எலும்பு முறிந்துவிட்டது என்கிறார்கள்.

"சிமெண்டை உரிக்கப்போறோம்" என்றாள் ஆயிடுமிடம். "முழுசா. திங்கட்கிழமைக்குள்ள."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. "அக்கா, அது நான் கேரண்டி கொடுத்த பூச்சு."

"கேட்டது நான், பூசினது நீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின தப்பு. ரெண்டு பேரும் சேர்ந்தே உரிப்போம்."

"கை வைக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்களே. மீறினா அதுக்கே இடிச்சிடுவாங்க. தவிர, அந்தப் பூச்சுதான் சுவரைப் பிடிச்சுட்டு நிக்குதோ என்னமோ."

"கை வைக்காட்டியும் இடிப்பாங்க. வச்சுப் பாத்துட்டு இடிபடட்டும்."

உத்திரத்துக்கு நாலு இடத்தில் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்கள். உளியை நுழைத்து நெம்பினால் சிமெண்டு பலகை பலகையாக வந்தது. சுவரோடு அது ஒட்டியே இருக்கவில்லை. பின்னால் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி, அதில் நாலு வருஷத்து ஈரம். சுவர் குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே ஊறி ஊறி, பூச்சை உப்ப வைத்து, கிழித்திருந்தது. சிமெண்டில் ஓடிய விரிசலைக் கல்லில் தேடினால் இல்லை. அக்கா ஒவ்வொரு பலகையாகத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். எந்தச் சுவரைத் தடவித் தடவிப் போனாளோ அதையே வீசி எறிகிற வேகத்தில் முகம் சிவந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு கெட்ட நிமிஷம் வந்தது. கீழ் மூலையில் ஊறிப்போன மண் பொலபொலவென்று கொட்டி, தலை பருமன் கல் ஒன்று நழுவி விழுந்தது. மேலே உத்திரம் முனகியது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "அக்கா! வெளிய வா!" என்று அலறினான். அவள் வரவில்லை. "கத்தாதே. வந்து இந்த முட்டுக் கட்டையைப் பிடி" என்றாள். அவன் என்ன நினைத்தானோ, செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடிவந்து கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஆயிடும் அந்தக் கல்லை மறுபடி அதன் குழியில் வைத்து, சுற்றிலும் சின்னக் கல்லும் சுண்ணாம்புமாகத் திணித்து இறுக்கினார். முனகல் நின்றது. தம்பி அதற்குப் பிறகும் கால் மணி நேரம் கட்டையை விடவில்லை.

திங்கட்கிழமை காலை இன்ஜினீயர் உள்ளே நுழைந்து, நிர்வாணமாக நிற்கிற சுவரையும் முற்றத்துக் குவியலையும் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினார். "யாரைக் கேட்டுக் கை வச்சீங்க? எழுதிக் கொடுத்தது என்ன? இதுக்கே நான் நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?"

"எடுங்க சார். அதுக்கு முன்னாடி போனை ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் சுவரைப் பாருங்க."

அவர் திகைத்துப்போய் நிஜமாகவே போனை அணைத்தார். அக்கா உடைந்த கண்ணாடியை, அது ஒட்டியிருந்த சிமெண்டுப் பலகையோடு எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மறைக்கவில்லை, துடைக்கவில்லை, நம்பரும் தேதியும் அப்படியே இருந்தன. "உங்க கண்ணாடி பொய் சொல்லலை. இது நகர்ந்தது உண்மை. ஆனா இது சுவர் இல்லை சார், சுவர் போட்டிருந்த சட்டை. சட்டைக்கு மேல எக்ஸ்ரே எடுத்துட்டு எலும்பு முறிஞ்சுதுன்னு எழுதினா, அந்த ஆளைப் படுக்கையில போட்டுடுவாங்க. அந்தச் சட்டையைப் போட்டுவிட்ட முட்டாள் நான்தான். தப்பு என்னோடது. அதுக்கு வீட்டைத் தண்டிக்காதீங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சுவரிடம் போனார். சுத்தியலால் தட்டினார். ஒரு சின்னக் கத்தியைக் கல் இடுக்குகளில் விட்டுப் பார்த்தார். குண்டு கட்டிய நூலை மேலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு முறை சிரிக்கவும் செய்தார், தன்னைப் பார்த்தே சிரித்தது போல இருந்தது. "கண்ணாடியை நான் கல்லுல ஒட்டியிருக்கணும்" என்றார் கடைசியில். "ஆனா இத்தோட விட முடியாதும்மா. மறுபடி ஒட்டறேன், இந்தத் தடவை கல்லுல. முழுசா ஒரு மழை தாண்டட்டும். உடைஞ்சா நான் ஒரு பேச்சும் கேக்க மாட்டேன்."

"உடைஞ்சா நானே கடப்பாரை எடுத்துத் தரேன்" என்றாள் அக்கா.

வெயில் காலம் முழுவதும் சுவரை மூச்சுவிட விட்டார்கள். ஈரம் காய்ந்த பிறகு ஊறப்போட்ட சுண்ணாம்பை மெல்லிசாக, மூன்று தடவையாகப் பூசினார்கள். கண்ணாடிகள் இருந்த மூன்று இடத்தில் மட்டும் ஜன்னல் மாதிரி விட்டுவைத்தார்கள். சுவர் இப்போது கை வைத்தால் வழுக்கவில்லை. கொஞ்சம் மேடு பள்ளமாக, உள்ளங்கையில் லேசாக வெள்ளை ஒட்டியது. அக்கா அந்த வெள்ளையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போகப் பழகிவிட்டாள்.

அடுத்த மழை முந்தின வருஷத்தைவிடக் கடுமையாக வந்தது. நோட்டில் தினமும் மூன்று 'சரி' விழுந்தது. சில நாள் அவள் எழுதுவதற்கு முன்னாலேயே தம்பி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மூணும் சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் எந்த நினைப்பில் பார்க்கிறான் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. மழை ஓய்ந்து இன்ஜினீயர் வந்தார். பூதக்கண்ணாடி வைத்து மூன்றையும் பார்த்தார். பதிவேட்டில் 'அசைவு இல்லை' என்று எழுதி, நோட்டீஸ் ரத்து என்று கையெழுத்துப் போட்டார். போகும்போது சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் தம்பி டீக்கு வந்தபோது அக்கா ஸ்டூலைச் சுவருக்குக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். கையில் சுத்தியல். பல்லுக்கு நடுவில் ஆணி.

"ஸ்டூலைப் பிடிச்சுக்கோ" என்றாள்.

பிடித்துக்கொண்டான். அவள் இரண்டு கல்லுக்கு நடுவில் இடம் பார்த்து ஆணியை வைத்தாள். அறுபத்துமூன்று வயதில், சொந்தச் சுவரில், முதல் அடி. நங். அடுத்தது, நங். ஆணி வளையவில்லை. ஒரு பொடிகூட உதிரவில்லை. தள்ளி இன்னொரு ஆணியும் அடித்தாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. இறங்கி வந்து, இந்த வீட்டுக்கு வந்தும் ஐந்தரை வருஷமாக நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த கணவரைத் தூக்கி முதல் ஆணியில் மாட்டினாள்.

"ரெண்டாவது ஆணி எதுக்குக்கா?"

அவள் பெட்டியைத் திறந்து, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதத்தை எடுத்தாள். கணவர் படத்துக்குப் பக்கத்தில், கூடத்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படும் இடத்தில் மாட்டினாள். அபாயகரமான கட்டடம், உடனே இடிக்க வேண்டும் என்ற புகார். அடியில் காகிதத்தின் ஓரம் வரைக்கும் போகிற வால்.

தம்பியின் முகம் செத்துவிட்டது. "அக்கா, வர்றவங்க போறவங்க பாப்பாங்களே."

"பாக்கட்டும்."

"கழட்டிடுக்கா. நான் முட்டுக்கூடப் பிடிச்சேனே."

"பிடிச்சே. அதனாலதான் டீ தரேன். இது என் வீட்டுச் சுவரு. எதை மாட்டணும், எதை மாட்டக் கூடாதுன்னு சொல்ல இங்க வீட்டுக்காரர் யாரும் இல்லை."

அவள் டீ கொண்டுவந்து கொடுத்து, இத்தனை நாள் படம் இருந்த நாற்காலியைக் காட்டினாள். இப்போதுதான் அது காலியாகியிருந்தது. அவன் உட்கார்ந்தான். நேர் எதிரே அவன் கையெழுத்து. நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான், கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தான்.

"ஆடாதே" என்றாள் அக்கா.